இரண்டாவது சர்வர் ஏன் கைகொடுப்பதில்லை?

'சர்வர் டவுன்' என்ற இரண்டு சொற்களை இன்று தமிழ்நாட்டில் எவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கைரேகை பதியாமல் ரேஷன் கடையிலிருந்து வெறும் பையுடன் திரும்பும் மூதாட்டிக்கும் அதன் பொருள் தெரியும். முகூர்த்த நாள் பார்த்துப் பத்திரம் பதிய வந்து மாலை வரை மரத்தடியில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் தெரியும். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மதுராந்தகத்துக்குச் சான்றிதழ் கேட்டு வரும் ஒருவர், ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலோடு ஊர் திரும்புகிறார். அந்த ஒரு நாளை அவருக்குத் திருப்பித் தருவார் யாரும் இல்லை.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. பெருந்தொகையான மக்கள் பயன்படுத்தும் சேவை எதுவும் இன்று ஒரேயொரு கணினியை நம்பி வடிவமைக்கப்படுவதில்லை. ஒன்று பழுதானால் உடனே பொறுப்பேற்க இன்னொன்று பக்கத்திலேயே விழித்திருக்கும். ஒப்பந்தப் புள்ளியில் அது எழுதப்பட்டிருக்கும்; அதற்குரிய பணமும் கொடுக்கப்பட்டிருக்கும். ஆயினும், முதல் சர்வர் விழும்போது இரண்டாவது சர்வர் உயிரோடும் நலத்தோடும் இருந்துகொண்டே, யாருக்கும் பயன்படாமல் நிற்பது அடிக்கடி நிகழ்கிறது. எல்லா முடக்கத்துக்கும் இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன். மின்தடை உண்டு, அறுந்துபோன கண்ணாடியிழைக் கம்பி உண்டு, தாங்கும் அளவுக்கு மேல் கூட்டம் வருவதும் உண்டு. ஆனால், இரண்டாவது கணினியை வாங்கியும் பயனில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு சிறிய காரணமே இருக்கிறது. கணினி மாறியது, முகவரி மாறவில்லை.

முகவரி என்பது என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கடிதத்தில் 603306 என்று எழுதினால் அது மதுராந்தகம் அஞ்சலகத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு தெருவில் வேறொரு அறிவு வேண்டும். எந்தக் கதவு யாருடையது என்பதைத் தபால்காரர் ஒவ்வொரு நாளும் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, நினைவிலிருந்தே நடக்கிறார். இணையத்திலும் இதே இரண்டு அடுக்குகள்தான். ஐ.பி. முகவரி என்பது ஊரையும் தெருவையும் காட்டும் எண். கடைசி அறைக்குள், ரவுட்டர் என்னும் தபால்காரரிடமிருந்து குறிப்பிட்ட கணினியின் கையில் செய்தியைச் சேர்க்க, அந்தக் கணினியின் வலையட்டையில் பொறித்த 'மேக்' எண் தேவை. எந்த ஐ.பி. எண்ணுக்கு எந்த மேக் எண் என்ற பட்டியலை ரவுட்டர் தன் நினைவில் வைத்திருக்கும்.

அந்தப் பட்டியல் உருவாகும் முறை மிக எளியது. 'இந்த ஐ.பி. எண் யாருடையது?' என்று ரவுட்டர் அறை முழுவதும் கேட்கும்படி கூவும். 'என்னுடையது' என்று ஒரு கணினி பதில் சொல்லும். ரவுட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். ஏ.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நெறிமுறையை டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 826 என்ற ஆவணமாக எழுதினார். உலகெங்கும் நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் ஓடும் உள்வலைகள் பெரும்பாலும் இன்றும் அதைக் கொண்டே இயங்குகின்றன. பதில் சொன்னவர் உண்மையிலேயே உரியவர்தானா என்று சரிபார்க்கும் வழி அதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'நான்தான்' என்றவரிடம் கடிதம் கொடுக்கப்படும். ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊருக்கு எழுதிய விதி அது.

இரண்டு சர்வர்கள் கொண்ட தொகுதியில், மக்களுக்குத் தரப்படும் ஐ.பி. எண் இரண்டில் எதற்கும் நிலையாகச் சொந்தமன்று. அது ஒரு மிதக்கும் முகவரி. இன்று முதல் கணினியிடம் இருக்கும். அது விழுந்தால் அடுத்த நொடி இரண்டாவதிடம் போகும். அப்படிப் போகும்போது, புதிய கணினி யாரும் கேளாமலேயே, 'இனி இந்த எண் என்னுடையது' என்று அறை முழுவதற்கும் ஓர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ரவுட்டர் அதைக் கேட்டுப் பழைய குறிப்பை அழித்துப் புதியதை எழுதும். பொறுப்பு மாற்றம் முழுவதும் இந்த ஒரு கூவலைத்தான் நம்பியிருக்கிறது.

அது காதில் விழாவிட்டால்? ரவுட்டரின் நினைவில் பழைய மேக் எண்ணே நீடிக்கும். அந்த நினைவு எவ்வளவு நேரம் அழியாமல் இருக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறுபடும். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டர்களில், யாரும் மாற்றி அமைக்காவிட்டால், அது நான்கு மணி நேரம். காலை பத்தரை மணிக்கு முதல் சர்வர் விழுந்தால், பிற்பகல் இரண்டரை வரை மக்கள் அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளும் செத்துப்போன கணினியின் வாசலிலேயே போடப்பட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டாவது கணினியின் முன் அமர்ந்திருக்கும் பொறியாளருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நிரல்கள் ஓடுகின்றன, முகவரி தன்னிடம்தான் இருக்கிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்று அவர் சொல்வது பொய்யன்று. அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

அறிவிப்பு ஏன் காதில் விழாமல் போகிறது? ஒரு முறை மட்டும் கூவிவிட்டு நிறுத்துவது முதற்காரணம். கணினியின் இணைப்பு அப்போதுதான் உயிர்பெற்றிருந்தால், பழைய முறைப்படி அமைக்கப்பட்ட ஸ்விட்ச், வலையில் வட்டப்பாதை ஏற்பட்டுவிடாமல் இருக்க அந்த வாயிலை முப்பது நொடிகள் மூடியே வைத்திருக்கும். அந்த முப்பது நொடிக்குள் சொன்ன அறிவிப்பு சுவரில் மோதிக் கரைந்துவிடும். இன்னோர் இடத்தில் பாதுகாப்பே பகையாகும். பிறர் முகவரியைத் திருடுவோரைத் தடுக்க ஸ்விட்சில் ஒரு காவல் அமைப்பு வைத்திருப்பார்கள். நியாயமான வாரிசும் திருடனும் ஒரே சொற்களையே சொல்வதால், அது வாரிசையும் வெளியே தள்ளிவிடும். இவற்றுக்கெல்லாம் தீர்வு கடினமானதன்று. அறிவிப்பை ஒன்றுக்குப் பலமுறை, சில நொடிகள் இடைவிட்டு, திரும்பத் திரும்ப அனுப்பச் செய்ய வேண்டும். சர்வர் இணைந்திருக்கும் ஸ்விட்ச் வாயில்களில் அந்த முப்பது நொடிக் காத்திருப்பை நீக்க வேண்டும். மிதக்கும் முகவரிக்கு உரிமையுள்ளவை இந்த இரண்டு கணினிகள்தாம் என்று காவல் அமைப்பிடம் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

இதைவிட நேர்த்தியான வழி ஒன்றும் 1998-லேயே தரநிலையாக வந்துவிட்டது. வி.ஆர்.ஆர்.பி. என்னும் அந்த நெறிமுறையில் ஐ.பி. எண்ணோடு மேக் எண்ணும் சேர்ந்தே கைமாறும். ரவுட்டரின் பட்டியலில் எதையும் திருத்த வேண்டியதில்லை. எந்தக் கம்பியின் முனையில் அந்த மேக் எண் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் மட்டும் புதிதாக அறிந்துகொண்டால் போதும். ஆனால், ஒவ்வொரு இணைக்கும் 1 முதல் 255 வரை ஓர் அடையாள எண் தர வேண்டும். ஒரே வலைக்குள் இரண்டு இணைகளுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. லினக்ஸ் கணினிகளில் இதற்குப் பெரிதும் பயன்படும் 'கீப்அலைவ்டு' மென்பொருளின் மாதிரிக் கோப்பில் 51 என்ற எண் இருக்கும். அதை அப்படியே படியெடுத்து ஒட்டுவோர் ஏராளம். பக்கத்துத் துறையின் பொறியாளரும் அதையே ஒட்டியிருந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சேவைகள் ஒன்றையொன்று குலைக்கத் தொடங்கும். படியெடுத்து ஒட்டும் பழக்கத்தால் நம் நாட்டில் எத்தனை மனித நாள்கள் வீணாகின்றன என்று யாரேனும் ஒருநாள் கணக்கெடுத்தால் நல்லது.

இதுவரை சொன்னது, மாற வேண்டிய முகவரி மாறாத கதை. மாறக் கூடாத நேரத்தில் மாறுவது அதைவிடக் கொடியது.

முதல் கணினி உயிரோடிருக்கிறதா என்பதை இரண்டாவது கணினி எப்படி அறியும்? முதலாவது, வழக்கமாக நொடிக்கொரு முறை, 'இருக்கிறேன்' என்று ஒரு துடிப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். ஏறக்குறைய மூன்றரை நொடி அது வராவிட்டால், இரண்டாவது கணினி முதலாவது இறந்ததாகக் கொண்டு பட்டம் சூட்டிக்கொள்ளும். துடிப்பு வராததற்கு இறப்பு மட்டுமே காரணமா என்ன? இடையிலுள்ள கம்பி தளர்ந்திருக்கலாம். இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது ஃபயர்வால் தானாக இயங்கத் தொடங்கி, 112 என்ற எண்ணுடைய அந்த நெறிமுறையைத் தடுத்திருக்கலாம். முதல் கணினி நலமாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதும் அதே முகவரியைச் சூடிக்கொள்ளும். ரவுட்டர் ஒரு நிமிடம் ஒருவரிடமும் மறு நிமிடம் மற்றவரிடமும் கடிதங்களைக் கொடுக்கும். இரண்டும் தனித்தனியே கணக்கு எழுதத் தொடங்கினால், எந்தப் பேரேடு உண்மையானது என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. பொறியாளர்கள் இதைப் 'பிளவுபட்ட மூளை' என்பார்கள்.

மதுராந்தகம் ஏரிக்கரையையும் இருவர் காத்ததாகத்தான் ஊர்க்கதை சொல்கிறது. 1798-ஆம் ஆண்டு மழையில் கரை உடையுமோ என்று அஞ்சி இரவில் பார்க்கப் போன கலெக்டர் லயோனல் பிளேஸ், வில்லேந்திய இரு வீரர்கள் கரைமீது காவல் நிற்கக் கண்டார் என்பது ஏரி காத்த ராமர் கோயிலின் பெயருக்குச் சொல்லப்படும் வரலாறு. அந்த இருவருக்குள் யார் அண்ணன், யார் தம்பி என்பதில் குழப்பமில்லை. கணினிகளுக்கு அந்த ஒழுங்கு பிறவியிலேயே வருவதன்று. நாம்தான் ஊட்ட வேண்டும்.

ஊட்டும் வழி இரண்டு. ஒன்று, பெரும்பான்மை. இரண்டே பேர் உள்ள அவையில் ஒருவருக்கு மற்றவர் குரல் கேட்கவில்லையென்றால், தவறு யாரிடம் என்று தீர்மானிக்க முடியாது. மூன்றாவதாக ஒரு சாட்சி இருந்தால், சாட்சியோடு பேச முடிகிற கணினி ஆளும். முடியாதது விலகி நிற்கும். சாட்சிக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வேறோர் இடத்தில், வேறொரு மின்னிணைப்பில் இருக்கும் சிறு கணினி போதும். மற்றொன்று, வேலியிடல். முகவரியைச் சூடுவதற்குமுன், எதிர்க் கணினியின் மின்சாரத்தைத் தொலைவிலிருந்தே துண்டித்து, அது அணைந்துவிட்டது என்ற உறுதியைப் பெற்ற பிறகே பொறுப்பேற்பது. 'அடுத்தவன் தலையில் சுடு' என்ற பொருள்படும் குறும்புப் பெயரை இந்தத் துறையினர் இதற்கு இட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டு அஞ்சியோ, அமைப்பது தொல்லை என்று சலித்தோ, நிறுவும்போதே இதை அணைத்துவைப்பவர்கள் பலர். என் கருத்தில், வேலியில்லாத இரட்டைச் சர்வரைவிட ஒற்றைச் சர்வர் பாதுகாப்பானது. அது விழுந்தால் சேவை நிற்கும், கணக்கு கெடாது.

பெரும்பான்மை இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. உலகின் மென்பொருள் எழுதுவோரில் பெரும்பகுதியினர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று நடந்ததை ஒவ்வொரு கணினித் துறை அதிகாரியும் ஒருமுறை படிக்க வேண்டும். வழக்கமான பராமரிப்பின்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் இணைப்பு அறுந்தது. அறுந்திருந்தது வெறும் 43 நொடிகள். அதற்குள், எல்லா விதிகளின்படியும், பெரும்பான்மை வாக்கின்படியும், தரவுத்தளத்தின் தலைமை மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. ஆனால் கிழக்கில் கடைசி நொடிகளில் எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. மிகுந்த வேலையுள்ள ஒரு தொகுதியில் மட்டும் அப்படிச் சிக்கிய பதிவுகள் 954. அவற்றைத் தொலைக்காமல் இரு கரைகளையும் ஒன்றுசேர்க்க ஆன காலம் 24 மணி 11 நிமிடம். நாற்பத்து மூன்று நொடி காத்திருந்தால் முடிந்திருக்கும் சிக்கல் அது. விரைவாக மாறுவது எப்போதும் நன்மை என்ற எண்ணத்தை அந்த நாள் கலைத்தது. ஒரே அறைக்குள் சில நொடியில் மாறலாம். கடலுக்கு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறும்போது, தரவு போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பின்பே முகவரி போக வேண்டும்.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையின் தேசியப் பங்குச் சந்தையில் 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து தனித்தனி இணைப்புகள் வாங்கியிருந்தும், இரண்டும் ஒரே நேரத்தில் தடுமாறின. சாலையோரத் தோண்டல் பணிகளும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னர் சந்தை விளக்கியது. இணைப்புத் தடுமாறியபோது தரவுச் சேமிப்பகம் எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளவில்லை. வணிக இயந்திரம் நன்றாகவே ஓடியது. இடர் மேலாண்மைக் கணினிதான் கிடைக்கவில்லை. பாதி உயிர், பாதி மரணம். இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே அந்தச் சந்தைக்குச் சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு மையம் இருக்கிறது. அன்று அங்கே மாறவில்லை. பிற்பகல் 3.45-க்கு மும்பையிலேயே மீண்டும் தொடங்கி, ஐந்து மணிவரை நீட்டித்தார்கள். இடைப்பட்ட நான்கு மணி நேரம் எத்தனையோ சிறு முதலீட்டாளர்கள் வாங்கியதை விற்க முடியாமலும் விற்றதை வாங்க முடியாமலும் திணறினார்கள்.

இங்கே தவறியது முகவரியை மாற்றும் கருவி மட்டுமன்று. மாற்று என்று சொல்லும் அதிகாரமும்தான். முழுதாக விழுந்த கணினியை இயந்திரம் கண்டுபிடிக்கும். பாதி விழுந்ததை மனிதர்தான் அறிவிக்க வேண்டும். மனிதருக்கோ தயக்கம் இருக்கும். 'இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையிலேயே மணிகள் கரையும். அடுத்த மாதமே செபி இந்தத் தயக்கத்துக்கு ஒரு கெடு வைத்தது: முக்கிய அமைப்பு ஏதேனும் தடைபட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை. அன்று பங்குச் சந்தையைச் சிறப்பாகத் திறந்து, காலை 9.15 முதல் 10 வரை முதன்மை மையத்திலும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலும், மெய்யான பணத்தோடு மெய்யான வணிகம் நடத்திப் பார்த்தார்கள். ஒத்திகை என்றால் அதுதான் ஒத்திகை.

இரண்டு இருந்தும் இரண்டும் ஒன்றாக விழுவதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2015 டிசம்பர் பெருமழையில், 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 1878-இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. மறைமலைநகரில் உள்ள அச்சகத்துக்குப் பணியாளர்கள் வந்து சேர முடியாமல் போனதுதான் காரணம். இயந்திரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அங்கே போகும் வழியும் பிழைத்திருக்க வேண்டும். மறைமலைநகரிலிருந்து மதுராந்தகத்துக்கு வரும் வழியில் பாலாற்றின்மேல் அருகருகே இரண்டு பாலங்களைக் கடக்கிறோம். ஒன்றைப் பழுதுபார்க்க மூடினால் மற்றதில் இருதிசை வாகனங்களும் நெரிந்தேனும் போகும். அதுவரை நல்லது. வெள்ளம் வந்தால் இரண்டும் ஒரே வெள்ளத்தைத்தான் பார்க்கும். ஒரே அலமாரியில், ஒரே ஸ்விட்சில், ஒரே மின்கம்பியில் பொருத்திய இரண்டு சர்வர்களும் அப்படித்தான். இரண்டு நிறுவனங்களின் இணைப்பை வாங்கி, இரண்டு கம்பிகளும் ஒரே சாலையோரப் பள்ளத்தில் போவதைக் கவனிக்காமல் விட்டாலும் அப்படித்தான்.

ஊர் விட்டு ஊர் மாறும்போது முகவரிச் சிக்கலின் தன்மையும் மாறுகிறது. ஏ.ஆர்.பி. கூவல் ஓர் அறைக்குள் மட்டுமே கேட்கும். சென்னையிலிருந்து திருச்சிக்குக் கேட்காது. அங்கே பெயரை நம்ப வேண்டும். மக்கள் தட்டச்சு செய்வது ஓர் இணையப் பெயர். அதற்குரிய எண்ணைப் பெயர்ப் பதிவேடு சொல்லும். அந்த எண்ணை மாற்றினால் போதும் என்று தோன்றும். ஆனால், ஒருமுறை கேட்டறிந்த எண்ணை இடைப்பட்ட கணினிகள் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அந்தக் காலத்தை 86,400 நொடிகள், அதாவது ஒரு முழு நாள், என்று எழுதி வைத்திருந்தால், மாற்றிய பிறகும் பாதி உலகம் பழைய வாசலிலேயே நிற்கும். பேரிடர் வந்த பிறகு அதைக் குறைத்துப் பயனில்லை. பழைய குறிப்பு ஏற்கெனவே ஊரெங்கும் போய்விட்டது. சில நிமிட அளவுக்கு முன்பே குறைத்து வைத்திருக்க வேண்டும்.

சொந்த அறையை விட்டு அமேசான் முதலான கிளவுட் நிறுவனங்களின் வாடகைக் கணினிக்கு மாறியவர்கள் வேறொரு பாடம் கற்கிறார்கள். அங்கே கணினி எழுப்பும் கூவலை வலை பொருட்படுத்தாது. முகவரியை மாற்ற வேண்டுமென்றால் அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய அமைப்பை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்தவர்களின் இரண்டாவது சர்வர் முகவரியைச் சூடிக்கொண்டு, கேட்பாரற்றுக் கூவிக்கொண்டிருக்கும். விண்ணப்பிக்கும் நிரலை எழுதியவர்களும், அதற்கான அனுமதிச் சாவியின் காலம் முடிந்துபோனதைப் பேரிடர் நாளில்தான் அறிகிறார்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு சேவை நிற்கக்கூடும். பணம் பெறும் வங்கியோ, அடையாளம் சரிபார்க்கும் அமைப்போ, தன் ஃபயர்வாலில் 'இன்ன எண்ணிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி' என்று எழுதியிருக்கும். அந்தப் பட்டியலில் முதன்மைச் சர்வரின் எண் மட்டும் இருந்து, இரண்டாவதன் எண் விடுபட்டிருந்தால், இணையதளம் திறக்கும். கட்டணம் செலுத்தும் இடத்தில் நின்றுவிடும். இன்னொரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புதல் வாங்கி, எண்ணைச் சேர்க்கும் வேலை அது. தொழில்நுட்பமே இல்லை. அதனாலேயே யாருடைய பொறுப்புப் பட்டியலிலும் அது வருவதில்லை.

பழுது நீங்கி எழுந்த முதல் சர்வர் உடனே தன் பழைய இருக்கையைக் கேட்பதையும் தடுக்க வேண்டும். எழுந்தவுடன் முகவரியைப் பிடுங்கி, ஐந்து நிமிடத்தில் மீண்டும் விழுந்து, மீண்டும் எழுந்து, முகவரி பந்துபோல் அங்குமிங்கும் ஓடும் காட்சியைப் பொறியாளர்கள் அறிவர். திரும்புவது மனிதர் பார்த்து, கூட்டமில்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும்.

பங்குச் சந்தைக்கு வைத்த கெடுவை ரேஷன் கடைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் பின்னுள்ள கணினிகளுக்கு ஏன் வைக்கக் கூடாது? பங்கு விற்க முடியாத முதலீட்டாளரின் நான்கு மணி நேரத்தைவிட, அரிசி வாங்க வந்தவரின் ஒரு நாள் எவ்வகையிலும் குறைந்ததன்று. இன்று அரசுத் துறை ஒன்று சேவை ஒப்பந்தம் போடும்போது, எத்தனை சர்வர், எவ்வளவு நினைவகம், ஆண்டில் எத்தனை விழுக்காடு இயங்க வேண்டும் என்று எழுதுகிறது. அதோடு, ஆண்டுக்கு இருமுறை வேலைநாளில், முன்னறிவிப்புடன், முதன்மைச் சர்வரின் மின்கம்பியை உண்மையிலேயே பிடுங்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். எவ்வளவு நேரத்தில் சேவை திரும்பியது என்பதைத் தரவு மையத்தின் திரையைப் பார்த்துக் கணக்கிடக் கூடாது. மதுராந்தகத்திலோ செய்யூரிலோ உள்ள ஒரு கவுன்டரில், ஓர் எழுத்தர் விண்ணப்பத்தைப் பதிந்து ஒப்புகைச் சீட்டு அச்சாகும் வரை கடிகாரம் ஓட வேண்டும். பழைய முகவரி எந்த நினைவில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது அங்கேதான் வெளிப்படும்.

ஒத்திகையே சேவையைக் கெடுத்துவிடாதா என்று கேட்பார்கள். கெடுக்கலாம். முதல் ஒத்திகை பெரும்பாலும் தோற்கும். தோற்க வேண்டும் என்றே சொல்வேன். பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு, வங்கியின் பொறியாளரும் வலைப் பொறியாளரும் தொலைபேசியில் காத்திருக்கும்போது தோற்பதும், ஐப்பசி மழையில் முகூர்த்த நாளன்று, அவர்கள் யார் என்றே தெரியாத நிலையில் தோற்பதும் ஒன்றல்ல. அதற்குச் செலவு அதிகம் என்ற வாதத்தையும் கேட்கிறோம். இரண்டாவது சர்வருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. ஒத்திகைக்கு வேண்டியது சிலரின் அரை நாள்.

இவை நடக்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை, அரசாணை ஒன்று போதுமான இடைக்கால ஏற்பாட்டை அலுவலகங்கள் செய்யலாம். சர்வர் கிடைக்காத நேரத்தில் வருவோரின் பெயரையும் வந்த நேரத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதி, தேதியிட்டு முத்திரை வைத்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுக்கலாம். காலக்கெடு உள்ள விண்ணப்பமானால், அந்தச் சீட்டின் தேதியையே விண்ணப்பித்த தேதியாகக் கொள்ளலாம். சேவை திரும்பியதும் சீட்டு வைத்திருப்பவர்களைக் கைப்பேசியில் அழைத்து, வரிசையில் முதலில் நிறுத்தலாம். அந்தப் பதிவேட்டின் பக்கங்களை மாதந்தோறும் கூட்டினால், சர்வர் எத்தனை மணி நேரம் கிடைக்கவில்லை, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கணக்கு, எந்தத் தரவு மையத்தின் அறிக்கையையும் சாராமல், ஊர்வாரியாகக் கிடைத்துவிடும்.